துஷ்யந்தி கொடுத்த வவுச்சர்கள்

துஷ்யந்தி என்ற பெயரைப் புஷ்பவள்ளி முதல்முதலில் கேட்டது ஆயர் ஈத்தாம் பசாரில், மீன்கடை முன்னால். கெம்போங் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் யாரோ மூச்சு வாங்குவது கேட்டுத் திரும்பினால், தம்பி மகள் தனுஜா. இரண்டு கையிலும் சலவைத் தூள் பைகள், தோளில் இன்னொன்று தொங்குகிறது.

"ஏண்டி, டோபிக் கடை வைக்கப்போறியா?"

"ஆஃபர் அத்தை. நேத்து துஷ்யந்தி அக்கா வவுச்சர் போட்டாங்கல்ல, அதுல எடுத்தது. பாதி விலை லா."

"எந்தத் துஷ்யந்தி?"

"நம்ம குரூப்ல, அத்தை. நான்தான் சேர்த்துவிட்டேன். நீங்க பார்க்கலையா?"

பார்க்கவில்லை. முந்தின நாள் புஷ்பவள்ளி சுங்கை பட்டாணியில் நாத்தனார் பேத்தியின் காது குத்துக்குப் போயிருந்தாள். போன் கைப்பைக்குள் கிடந்தது. அந்த ஒரு பகலுக்குள், அவள் குரூப்பில், அவளுக்குத் தெரியாத ஒருத்தி வவுச்சர் போட்டு, ஆயர் ஈத்தாமே துணி துவைக்கத் தயாராகிவிட்டது. மீன்காரர் வேண்டுமா வேண்டாமா என்று மலாயில் கேட்டார். அவள் மீனை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டாள். அன்று வீட்டில் முட்டைக் குழம்பு.

அந்தக் குரூப் சும்மா வந்ததல்ல. புஷ்பவள்ளி பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் கல்யாணத்துக்கு முன்னாலிருந்து வேலை பார்த்து, தலை நரைத்த பிறகு ஓய்வு பெற்றவள். நோய்க்காலத்தில் ஊரை அடைத்துப் போட்டார்களே, அப்போது எல்லாரும் போனில் சாமான் வாங்கப் பழகினார்கள். அவளுக்கு அதில் கை வந்துவிட்டது. எந்தக் கடை எப்போது விலை இறக்கும், எந்த வவுச்சர் எண்ணைத் தட்டினால் எவ்வளவு கழியும் என்று மூக்கிலேயே தெரியும். கூட வேலை பார்த்த ரோஹானாவுக்கு முதலில் சொன்னாள். ரோஹானாவின் அப்பா தமிழ் முஸ்லிம், அம்மா மலாய்க்காரி. அவள் தமிழ் நம் வீட்டுப் பிள்ளை பேசுகிற தமிழ்தான். ரோஹானா இன்னும் நாலு பேருக்குச் சொன்னாள். அப்படித்தான் வாட்ஸ்அப்பில் 'புஷ்பா அக்கா ஆஃபர் குரூப்' வந்தது. பிறகு புக்கிட் மெர்த்தாஜாம் வரைக்கும் ஆள் சேர்ந்துவிட்டார்கள்.

ஆள் சேர்ந்தால் சண்டை வரும். அதனால் புஷ்பவள்ளி சட்டம் போட்டாள். ஒரே ஆளுக்குத்தான் செல்லும் என்கிற வவுச்சரைப் போட்டால், போட்டவர் அதை எடுக்கக் கூடாது. எடுத்தவர் அந்த நிமிஷமே 'எடுத்தாச்சு' என்று எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வருகிறவர்கள் பாவம், மாற்றி மாற்றித் தட்டிக் கை வலிக்கும். நாம் சேர்த்துவிட்டால் நமக்குக் கமிஷன் வரும் என்கிற எண்ணைப் போட்டால் 'இது என் எண்' என்று மறைக்காமல் சொல்ல வேண்டும். வேறு குரூப்பிலிருந்து கொண்டுவந்தால் கண்டுபிடித்தவர் பெயரைப் போட வேண்டும். யாருக்கும் தனியாக ரகசியமாகக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் ஓரவஞ்சனை என்று பேச்சு வரும். எண்ணை முதலில் போடு, கதையைப் பிறகு சொல். இது அவளுக்கு ரொம்பப் பிடித்த சட்டம். சிலர் வவுச்சரைப் போடுவதற்கு முன்னால் காலை வணக்கம், சாமி படம், கால் வலி எல்லாம் சொல்லி முடிப்பதற்குள் வவுச்சரே காலாவதியாகிவிடும். எடுத்துவிட்டுச் சொல்லாமல் கமுக்கமாக இருக்கிறவர்களை அடுத்த தீபாவளி வரைக்கும் குரூப்பை விட்டு வெளியேற்றுவது என்றும் ஒரு சட்டம். அதற்கு அதுவரை வேலை வரவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் தனுஜாவை உட்காரவைத்து விசாரித்தாள்.

"யார் வீட்டுப் பொண்ணு அது?"

"டத்தோ கிராமாட்ல இருக்காங்க அத்தை. அவங்க அப்பா பேரு அப்புத்துரையாம். முனிசிபல் ஆபீஸ்ல இருந்தவராம்."

புஷ்பவள்ளிக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. அப்புத்துரை கிராணி, ஆபீஸில் சம்பளக் கணக்கு எழுதினவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவருக்கு நாலு பெண்கள். மூத்தவள் ஈப்போவில் டாக்டர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டாள், கடைசிப் பெண் ஆஸ்திரேலியா. நடுவில் உள்ள ஒருத்திதான் இந்தத் துஷ்யந்தியாக இருக்க வேண்டும். புஷ்பவள்ளியின் அப்பா முனுசாமி அதே முனிசிபலில் குப்பை லாரியில் இருந்தார். சம்பள நாளில் கிராணியின் மேசை முன்னால் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். ஒருமுறை அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது, வெள்ளைச் சப்பாத்துப் போட்ட ஒரு பெண் கிராணியின் மேசை ஓரத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். அந்தச் சப்பாத்து அவள் கண்ணைவிட்டு அகலவில்லை. ஒரு பொட்டு அழுக்கில்லை.

"அந்த வீட்டுக்கு ஆஃபர் எதுக்குடி? அவங்க முழு விலை கொடுத்து வாங்கற ஆளுங்களாச்சே."

"அவங்க வாங்கறதே இல்ல அத்தை. கொடுக்கத்தான் செய்றாங்க. தனியா இருக்காங்க, பாவம்."

அந்தப் 'பாவம்' புஷ்பவள்ளிக்குப் பிடிக்கவில்லை.

பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று என்று துஷ்யந்தி போட ஆரம்பித்தார். எல்லாம் ஒரே ஆளுக்குச் செல்கிற வவுச்சர். கடைக்காரன் பொதுவாக விடுகிற சில்லறைக் கழிவு இல்லை, கனமான கழிவு. இவையெல்லாம் எங்கிருந்து வருகின்றன என்று யாருக்கும் தெரியவில்லை. எண்ணைப் போடுவார், அடுத்து 'எனக்குத் தேவையில்லை, யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதுவார். தமிழ் எழுத்திலேயே, பிழையில்லாமல். உடனே ஒருத்தி 'எடுத்தாச்சு, நீங்க நல்லா இருக்கணும் அக்கா' என்பாள். பத்துப் பதினைந்து பேர் கும்பிடு கை போடுவார்கள். புஷ்பவள்ளி விடிகாலையிலேயே எழுந்து தேடிப் போட்ட அரிசி ஆஃபருக்கு ரோஹானாவும் இன்னொருத்தியும் மட்டும் கட்டை விரல். ரோஹானாகூடப் பழக்க தோஷத்தில்தான் போட்டிருப்பாள் என்று புஷ்பவள்ளிக்குத் தோன்றியது.

ஒருநாள் குரூப்பில் யாரோ விளையாட்டுப் போல எழுதினார்கள்: 'குரூப் பேரை புஷ்பா துஷ்யந்தி ஆஃபர் குரூப்னு மாத்தலாமே.' கீழே ஒரே சிரிப்பு முகங்களும் இதயங்களும். புஷ்பவள்ளி வாழ்க்கையில் தன் பெயர் எழுதி ஒரு பலகை பார்த்ததில்லை. தொழிற்சாலையில்கூட எண்தான். அந்தக் குரூப்பின் தலையில்தான் அவள் பெயர் இருந்தது. அதில் பாதியைக் கேட்கிறார்கள். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் நின்றாள்.

"பால்," என்றார் தயாளன். அவள் புருஷன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், அதிகம் பேசமாட்டார்.

தனுஜா சும்மா இருக்கமாட்டாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை துஷ்யந்தியை வீட்டுக்கே அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். நெட்டையான உருவம், முழங்காலில் வலி, படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக வைத்தார். கையில் ஒரு டப்பா நிறையத் தட்டை வடை.

"வீட்டுல செஞ்சது. சாப்பிட்டுப் பாருங்க புஷ்பா. உங்க குரூப் இல்லன்னா எனக்குப் பொழுதே போகாது."

புஷ்பவள்ளி ஒன்றைக் கடித்தாள். மொறுமொறுவென்று, மிளகாயும் சோம்பும் சரியான பதத்தில். நன்றாக இல்லாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தாள்.

"இவ்வளவு வவுச்சர் உங்களுக்கு எங்கிருந்து வருதுக்கா? கம்பெனியில யாரும் சொந்தக்காரங்க இருக்காங்களா?" கமிஷன் வருகிற எண்ணை மறைத்துப் போடுகிறாரோ என்ற சந்தேகம் அவளுக்கு.

"ஐயோ, இல்ல. எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கு. சாமான் சரியில்லன்னா கம்பெனிக்கு எழுதிப் போட்டுருவேன். கோபமா எழுதமாட்டேன். இந்த மாதிரி மூடி சரியா மூடல, உங்க பேருக்கு இது அழகில்லன்னு மரியாதையா எழுதுவேன். அப்பா சொல்லிக் கொடுத்தது. அவங்க மன்னிப்புக் கேட்டு ஒரு வவுச்சர் அனுப்புவாங்க. தனியாள், எனக்கு எதுக்கு? இப்ப பக்கத்து வீட்டுக்காரங்களுக்கும் நான்தான் எழுதறேன்."

"ஓ. மன்னிப்பு வவுச்சர்," என்றாள் புஷ்பவள்ளி.

"ஓம்," என்று சிரித்தார் துஷ்யந்தி. அது அவர் வீட்டு வழக்கம், ஆமாம் என்பதற்கு. "உங்களுக்கு ஏதாவது எழுதணுமா? அந்த பிளெண்டர் ஏன் கயிறு கட்டி வச்சிருக்கு? வாங்கி எவ்வளவு நாளாச்சு?"

"அது எனக்கு அப்படித்தான் பிடிக்கும்."

தயாளன் செய்தித்தாளுக்குப் பின்னால் இருமினார்.

கிராணி அப்பா இங்கிலீஷில் எழுதச் சொல்லிக் கொடுத்தால் கம்பெனிக்காரன் மன்னிப்புக் கேட்கிறான். நம் அப்பா தொப்பியைக் கழற்றச் சொல்லிக் கொடுத்தார். துஷ்யந்தி போன பிறகு மீதி வடையையெல்லாம் ஒன்றுவிடாமல் தின்று தீர்த்தாள், வயிறு எரிய எரிய.

அதற்கு அடுத்த வாரம்தான் அந்த வேலையைத் தொடங்கினாள். போனில் துஷ்யந்தியின் செய்திக்கு மட்டும் தனியாக ஒரு மணிச் சத்தம் வைத்தாள். மணி அடித்த உடனே எண்ணை நகல் எடுத்து, அந்தக் கடைக்குள் போய், கழிவு விழுகிற அளவுக்கு எதையாவது கூடையில் போட்டுத் தட்டிவிடுவாள். 'எடுத்தாச்சு' என்று எழுதமாட்டாள். பின்னால் வருகிறவர்கள் முயன்று பார்ப்பார்கள். போகாது. 'அக்கா, போகலையே.' 'எனக்கும் போகல.' 'செத்த வவுச்சரா?' கொஞ்ச நேரம் கழித்துத் துஷ்யந்தியின் பதில் வரும்: 'மன்னிக்கவும். எனக்கு இன்றைக்குத்தான் அனுப்பினார்கள். ஏன் என்று தெரியவில்லை.' புஷ்பவள்ளி அதைச் சத்தமாக ஒருதரம் வாசிப்பாள். பிறகு தன் பங்குக்கு ஏதாவது சமையல் எண்ணெய் ஆஃபரைப் போடுவாள். அது போகும். 'புஷ்பா அக்கா போட்டா நம்பிப் போகலாம்' என்று யாராவது எழுதுவார்கள். அப்போதுதான் அவளுக்குச் சாப்பாடு இறங்கும்.

சாமான் வந்து குவிந்தது. தேவையைப் பார்த்து எடுத்ததா, கையில் கிடைத்ததை எடுத்தது. குழந்தை இல்லாத வீட்டில் குழந்தைத் துடைப்பான் பெட்டி பெட்டியாக. கார் இருக்கைக்கு உறை, அவர்கள் காருக்குப் பொருந்தாதது. ஒரு மூட்டை பூனைத் தீனி.

"நம்ம வீட்டுல எப்ப பூனை வந்துச்சு?" என்று கேட்டார் தயாளன்.

"வரும்."

"வரப்ப நான் எங்க படுக்கறது?"

பூனைத் தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே லிஃப்ட் பக்கம் வைத்தாள். ஃபிளாட்டின் பூனைகளெல்லாம் அவளைக் கண்டால் வாலைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தன. துஷ்யந்தியின் வவுச்சர்கள் இப்படிச் செத்துக்கொண்டே போனதில், கும்பிடு கைகள் குறைந்தன. அவர் போட்டால் யாரும் எழுந்து ஓடுவதில்லை. ஒருத்தி மனசில் ஈரமில்லாமல் 'அக்கா, முதல்ல நீங்களே சோதிச்சுப் பார்த்துட்டுப் போடுங்களேன்' என்றாள். பெயர் மாற்றுகிற பேச்சும் நின்றுபோயிற்று. எடுத்துவிட்டுச் சொல்லாதவர்களைப் புஷ்பவள்ளியே குரூப்பில் கண்டித்தாள்: 'எடுத்தவங்க தயவுசெஞ்சு சொல்லிருங்க, மத்தவங்க நேரத்தை வீணாக்காதீங்க.'

இதற்கு நடுவில் ரோஹானாவின் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு போய்ப் படுத்த படுக்கையானார். படுத்தே கிடந்ததில் முதுகில் புண். தாதி வந்து பார்த்துவிட்டு, காற்று ஏறி இறங்குகிற மெத்தை வேண்டும், சாதா மெத்தையில் போட்டால் புண் எலும்பு வரைக்கும் போய்விடும் என்றாள். ரோஹானா குரூப்பில் கேட்டாள்: 'யாருக்காவது அந்த மெத்தைக்கு ஆஃபர் தெரிஞ்சா சொல்லுங்க. அம்மா ராத்திரியெல்லாம் முனகுறாங்க.' புஷ்பவள்ளி அன்று முழுக்கத் தேடினாள், உண்மையாகவே தேடினாள். ரோஹானா அவளுக்கு உடன்பிறப்பு மாதிரி. தனுஜாவின் கல்யாணத்துக்குப் பூக் கட்டினவள். ஒன்றும் கிடைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம், புஷ்பவள்ளி பூண்டு உரித்துக்கொண்டிருக்கும்போது அந்த மணி அடித்தது. கையைத் துடைக்கக்கூட இல்லை. எண், கடையின் பெயர். கடைக்குள் போனாள், எண்ணைத் தட்டினாள், ஒரு சாமான் தானாகவே கூடையில் ஏறிக் கழிவு விழுந்தது, 'கட்டு' என்று இருந்த இடத்தை அமுக்கினாள். அமுக்கின பிறகுதான் திரையில் என்ன சாமான் என்று பார்த்தாள். மெத்தை. காற்று மெத்தை. அந்த ஒரு மெத்தைக்கு மட்டுமே செல்கிற வவுச்சர்.

மேலே இரண்டாவது செய்தி வந்து விழுந்தது. 'இது ரோஹானாவின் அம்மாவுக்கு மட்டும். கடைக்கு எழுதிக் கேட்டதில் மனமிரங்கிக் கொடுத்தார்கள். வேறு யாரும் கை வைக்க வேண்டாம்.'

எண் முதலில், கதை பிறகு. அவள் போட்ட சட்டம்தான்.

ரத்து செய்யப் பார்த்தாள். ரத்து செய்தால் பணம் திரும்பும், வவுச்சர் திரும்பாது என்று திரையில் இருந்தது. பூண்டு வாசனை அடிக்கிற விரலால் போனைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் ரோஹானா: 'அக்கா, போகலையே. வேற யாரோ எடுத்துட்டாங்க போல.' குரூப்பில் ஒவ்வொருத்தியாக: 'யாரு இப்படிச் செஞ்சது?' 'சேச்சே.' 'இல்ல, துஷ்யந்தி அக்கா வவுச்சர் எப்பவும் இப்படித்தான்.' துஷ்யந்தி ரோஹானாவுக்கு நேரே போன் போட்டு, வேறு வழி பார்க்கலாம் என்று சொன்னாராம்.

அப்போது புஷ்பவள்ளியின் மனம் போன போக்கைப் பாருங்கள். வெட்கப்பட்டாள்தான், இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த வெட்கத்துக்குள்ளேயே ஒரு யோசனை எழுந்து நின்றது. மெத்தை வரத்தானே போகிறது. அதை நானே கொண்டுபோய், நானே வாங்கினேன் என்று கொடுத்தால் என்ன? கிராணி மகள் எழுதிக் கேட்டுக் கொடுத்தாள். முனுசாமி மகள் சும்மாவே கொடுத்தாள் என்று ஆகட்டுமே.

மெத்தை வந்ததும் தயாளன் காரை எடுத்தார். பெட்டியைத் தூக்கும்போது கேட்டார்:

"இதுவும் பூனைக்கா?"

"ரோஹானா அம்மாவுக்கு. நான் வாங்கினது."

"நீ வாங்கினதா?" என்று அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு வண்டியை எடுத்தார்.

ரோஹானா வாசலிலேயே கட்டிப்பிடித்து அழுதாள். மெத்தையை விரித்து, காற்று மோட்டாரை மாட்டி, மூன்று பேருமாக அந்தத் தாயை மெல்லத் தூக்கிக் கிடத்தினார்கள். கிழவி கண்ணை மூடிக்கொண்டு "செடாப்பு" என்றார், சுகமாக இருக்கிறது என்று. ரோஹானா போனை எடுத்தாள்.

"போட்டோ வேணாம்டி."

"இருங்கக்கா. எல்லாரும் பார்க்கட்டும். இப்படி யாரு செய்வா?"

பெட்டியைப் பக்கத்தில் நிறுத்தி, புஷ்பவள்ளியைத் தோளோடு அணைத்து எடுத்த படம். கீழே: 'எங்க புஷ்பா அக்கா அம்மாவுக்கு மெத்தை வாங்கிக் கொடுத்துட்டாங்க. அல்லா அவங்களை நல்லா வைக்கட்டும்.'

வேறு குரூப் என்றால் இதயம் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். இது ஆஃபர் குரூப். பெட்டியைப் பார்த்தால் கடை தெரியும், கடையைப் பார்த்தால் வவுச்சர் தெரியும், எந்த வவுச்சர் எந்த நாள் யாருக்குப் போகாமல் செத்தது என்று எல்லாருக்கும் மனப்பாடம். ஒரு இதயம் வரவில்லை. பார்த்தவர்களின் பெயர் மட்டும் ரோஹானாவின் போனில் கூடிக்கொண்டே போனது. வீடு திரும்புகிற வழியில் தனுஜா போனில் கூப்பிட்டாள்.

"அத்தை, அந்த மெத்தை..."

"என்ன மெத்தைக்கு?"

"அந்தக் கடைப் பெட்டி அது. எல்லாரும் எனக்குத் தனியா எழுதிக் கேட்கறாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

"ஒண்ணும் சொல்லாத," என்று வைத்துவிட்டாள். தயாளன் ரேடியோவைச் சத்தமாக வைத்தார். தெரிந்துதான் வைத்தார்.

வீட்டுப் படி ஏறும்போது அந்தத் தனி மணி அடித்தது. துஷ்யந்தி எழுதியிருந்தார்: 'அந்த வவுச்சரை நான்தான் புஷ்பாவை எடுக்கச் சொன்னேன். ரோஹானாவுக்கு முன்கூட்டிச் சொல்லாமல் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று இரண்டு பேரும் பேசிவைத்தது. எடுத்தாச்சு என்று போட வேண்டாம் என்றதும் நான்தான். யாரும் தப்பாக நினைக்க வேண்டாம்.'

அணை உடைந்த மாதிரி இதயங்கள். 'அப்படியா அக்கா, என்ன மனசு உங்களுக்கு.' 'இது துஷ்யந்தி அக்கா யோசனையா, அதானே பார்த்தேன்.' ரோஹானா அழுகிற முகம் பத்துப் போட்டு, 'துஷ்யந்தி அக்காவும் புஷ்பா அக்காவும் என் ரெண்டு கண்ணு' என்றாள். துஷ்யந்தியின் பெயர் முன்னால்.

புஷ்பவள்ளி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தப்பித்துவிட்டாள், யோசித்துப் பார்த்தால். ஒரு பொல்லாப்பும் இல்லை. குரூப் இருக்கிறது, பெயர் இருக்கிறது, ரோஹானா இருக்கிறாள். ஆனால் இனிமேல் அவள் நல்லவள் என்பது துஷ்யந்தி கொடுத்தது. ஒரே ஆளுக்குச் செல்கிற வவுச்சர் மாதிரி, எனக்குத் தேவையில்லை எடுத்துக்கொள் என்று தூக்கிப் போட்டது. வாழ்நாள் முழுக்க அந்தப் பெண்ணின் தயவில் நல்லவளாக இருக்க வேண்டும். அதை நினைத்தபோது வெள்ளைச் சப்பாத்துப் போட்ட கால் கண் முன்னால் ஆடியது.

திருந்தி அல்ல, தாங்கமுடியாமல்தான் அவள் எழுதினாள். 'அக்கா சொல்றது பொய். யாரும் என்னை எடுக்கச் சொல்லல. நானாத்தான் எடுத்தேன். மெத்தை மட்டுமில்ல, அவங்க போட்டு செத்ததெல்லாம் நான் எடுத்துச் சொல்லாம இருந்தது. சட்டம் நான் போட்டது. தீபாவளி வரைக்கும் வெளிய இருக்கேன்.' துஷ்யந்தியைக் குரூப்பின் நிர்வாகியாக்கினாள். தன்னைத்தானே நீக்கிக்கொண்டாள். முதல்முறையாக அந்தச் சட்டத்துக்கு வேலை வந்தது.

மறுநாள் காலையில் துஷ்யந்தி பஸ் பிடித்து வந்துவிட்டார். லிஃப்ட் பழுது. ஏறி வந்ததில் வியர்த்துக்கொட்டியது. தயாளன் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, பால் வாங்கப் போவதாகச் சொல்லிக் கீழே போனார். பால் இருந்தது.

"ஏன் பிள்ளை, நான் சொன்னதோட விட்டிருக்கலாமே," என்றார் துஷ்யந்தி.

"உங்க தயவுல நல்லவளா இருக்க எனக்கு வேணாம்க்கா."

துஷ்யந்தி சுற்றுமுற்றும் பார்த்தார். சுவர் ஓரமாக அடுக்கிய பெட்டிகள், பொருந்தாத கார் உறை.

"இவ்வளவும் என்னோடதா?"

"ஆமா."

"பூனைத் தீனி நான் கொடுத்தேனா?"

"நீங்க கொடுத்தது செல்லப்பிராணிக் கடை வவுச்சர். நான் எடுத்தது தீனி."

துஷ்யந்தி சிரிக்க ஆரம்பித்து, நடுவில் நிறுத்திவிட்டார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"வவுச்சரைப் பத்தி எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா காலையில எழுந்தா குரூப்பைத் திறப்பேன். நன்றி அக்கா, நன்றி அக்கான்னு இருக்கும். என் மகனே அப்படிக் கூப்பிட்டுப் பேசறதில்ல. அது இல்லாம இத்தனை மாசமாப் போச்சு. என்கிட்டதான் ஏதோ குத்தம்னு நினைச்சேன். அதைத்தான் நீங்க எடுத்தீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கம்பெனிக்கு எழுதுகிற மாதிரி, மரியாதையாகச் சொன்னார். புஷ்பவள்ளிக்கு அழுகை வந்தது. அழும்போதே, இப்படிப் பேச இவளுக்கு வருகிறதே, நமக்கு வரவில்லையே என்று உள்ளே ஒரு மூலை முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தது. வாயைத் திறந்து "தப்புதான்க்கா" என்று மட்டும் சொன்னாள். பிறகு காப்பி கலக்கப் போனாள்.

ரோஹானா கொஞ்ச நாள் பேசவில்லை. நோன்புப் பெருநாளுக்குக் கெத்துப்பாட் சோற்றுக்கட்டியும் ரெண்டாங் இறைச்சியும் அனுப்பினாள், தனுஜா கையில். அதற்குப் பிறகு சரியாகிவிட்டது. அவள் அம்மா மெத்தையிலேயே இன்னும் கொஞ்ச காலம் இருந்து, புண் ஆறிய உடம்போடு போய்ச் சேர்ந்தார். தீபாவளிக்கு முந்தின நாள் துஷ்யந்தி புஷ்பவள்ளியைத் திரும்பக் குரூப்பில் சேர்த்தார். சிலர் வரவேற்றார்கள், சிலர் வாயைத் திறக்கவில்லை. புஷ்பவள்ளி இப்போதும் ஆஃபர் போடுகிறாள், எடுத்தால் முதலில் 'எடுத்தாச்சு' என்று எழுதிவிட்டுத்தான் பணம் கட்டுகிறாள். துஷ்யந்திக்கு எத்தனை கும்பிடு கை விழுந்தது என்று இன்னும் எண்ணாமல் இருக்க முடிவதில்லை.

போன வருஷம் துஷ்யந்திக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு டத்தோ கிராமாட் வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று. துஷ்யந்தி இப்போது பட்டர்வொர்த்தில், மகன் தேவகுமாரின் வீட்டில் இருக்கிறார்.